ஓய்வுப் பணத்தில் மறுசுழற்சி மீன் பண்ணை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் விருப்ப ஓய்வு வாங்கினேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 41 லட்ச ரூபாய் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்ய வேண்டும். ஒரு கம்பெனி 25 லட்சத்தில் ஆறு தொட்டியோடு ஆர்.ஏ.எஸ். (தொட்டித் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்) முறையில் ஜிலேபி மீன் பண்ணை அமைத்துத் தருகிறேன் என்கிறது. மானியம் கிடைக்கும், மாதம் 60,000 நிற்கும், விவசாய வருமானம் என்பதால் வரி இல்லை, மீனை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய திட்ட அறிக்கையைப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க மீன் படம். ஜெனரேட்டரைத் தேடினால் நான்காம் பக்கத்தில் ‘இதர செலவுகள்’ என்ற வரிக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

மீன் தின்ற தீவனத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். குளத்தில் அதைக் குளமே பார்த்துக்கொள்ளும். தொட்டியில் மோட்டார் அந்தத் தண்ணீரை இழுத்து, டிரம் ஃபில்டரில் கழிவைப் பிரித்து, பாக்டீரியா குடியிருக்கும் பயோஃபில்டர் வழியாக அனுப்ப வேண்டும். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். காற்றை ப்ளோயர் கொடுக்கும். எதுவும் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. பார்க்க மீன் தொழில்போல இருந்தாலும், நீங்கள் நடத்தப் போவது தண்ணீர் சுத்திகரிப்பு ஆலை.

ஆகவே கம்பெனிக்காரரிடம் எத்தனை தொட்டி, எத்தனை டன் என்று கேட்காதீர்கள். ‘உங்கள் பயோஃபில்டர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனத்தைத் தாங்கும்?’ என்று கேளுங்கள். 32 சதவீதப் புரதம் உள்ள ஒரு கிலோ தீவனத்திலிருந்து ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். 10 டன் மீன் நிற்கும் கடைசி வாரங்களில் தினம் 150 கிலோ தீவனம் போட வேண்டியிருக்கும், அதாவது நாளுக்கு நாலரை கிலோ அம்மோனியா. ஃபில்டர் 90 கிலோ தீவனத்தைத்தான் தாங்கும் என்றால், தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது 6 டன் பண்ணைதான். இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபில்டர் பழுக்கவே, அதாவது அதில் போதுமான பாக்டீரியா பெருகவே, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களுக்கும் கரண்ட் பில் உண்டு, வரவு கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பட்டத்துக்கு ஆறு மாதம், 10 டன் என்ற அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். விலைகளை நான் ஒரு மதிப்பாகத்தான் வைக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். தீவனம் கிலோ 50 ரூபாய், ஒரு கிலோ மீனுக்கு 1.4 கிலோ தீவனம் என்றால் 70 ரூபாய். மோட்டார், ப்ளோயர் எல்லாம் சேர்ந்து சராசரி 6 கிலோவாட் ஓடினால் நாளுக்கு 144 யூனிட், யூனிட் 8 ரூபாய் வைத்து மாதம் 34,560. கிலோ மீனுக்கு 21 ரூபாய். குஞ்சு 9. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், சம்பளம் 16. பழுது, டீசல் 6. அப்புறம் அறிக்கையில் எங்குமே இல்லாத ஒன்று: சமையல் சோடா. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை இறங்கும், அதை ஈடுகட்ட ஒரு கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ வரை சோடா போட வேண்டிவரும். அதற்கு 12. ஆக, 134 ரூபாய். தேய்மானம் இதில் இல்லை.

அறிக்கை விற்பனை விலையை 170 என்று போட்டிருக்கிறது. கிலோவுக்கு 36 ரூபாய் லாபம், வருடம் 20 டன், 7.2 லட்சம், மாதம் 60,000. கணக்கு சரியாகவே இருக்கிறது! ஆனால் மீன் 10 டன் வராமல் 6 டன் வந்தால்? கரண்ட், சம்பளம், பழுது, வாங்கிப் போட்ட குஞ்சு எதுவும் குறையாது. அடக்க விலை 169க்கு ஏறிவிடும். மிச்சம் கிலோவுக்கு ஒரு ரூபாய், வருடத்துக்கு 12,000. முழு 10 டன்னும் வந்து, வியாபாரி தோப்பு வாசலில் 120 ரூபாய்தான் கொடுப்பேன் என்றால் வருடம் 2.8 லட்சம் நஷ்டம்.

அந்த 170 ரூபாய், உயிரோடு சில்லறையில் விற்றால் கிடைக்கும் விலை. வருடம் 20 டன் என்பது தினம் 55 கிலோ. உங்களுக்குப் பக்கத்திலேயே அமராவதி அணையும் திருமூர்த்தி அணையும் இருக்கின்றன. அணை மீன் என்று சொல்லி விற்கிற ஊரில் தொட்டி மீனை 170க்கு யார் வாங்குவார்கள் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தத்தில் விலை இடத்தில் ‘அன்றைய சந்தை விலை’ என்று இருக்கிறது. அது வாக்குறுதியே அல்ல. விரால், கொடுவா போட்டால் விலை கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் அவை ஒன்றையொன்று தின்னும், அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், தீவனமும் விலை அதிகம். முதல் பண்ணையில் அது வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் பண்ணையில் தானாகவே ஓடும் ஜெனரேட்டர் இருந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மின்வெட்டு. ஜெனரேட்டரின் பேட்டரி டவுன். காவலுக்கு இருந்தவர் பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. காலையில் நான் போனபோது பிளாஸ்டிக் கிரேட்டில் மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கன மீட்டருக்கு 55 கிலோ மீன் நிற்கும் தொட்டியில் ப்ளோயர் நின்றால், கரைந்திருக்கும் ஆக்சிஜன் கால் மணி நேரத்தில் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கரண்ட் போனதும் தானே திறக்கும் வால்வோடு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று அறிக்கையில் தேடினேன். இல்லை.

தோப்பு மோட்டாருக்கு இருக்கும் இலவச மின் இணைப்பில் ப்ளோயரை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாசனத்துக்கானது. மீன் பண்ணைக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். வரி விஷயத்திலும் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மீன் வளர்ப்பு வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது, தொழில் வருமானம்.

மானியம் உண்மைதான். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், தலா 30 கன மீட்டரில் ஆறு தொட்டி கொண்ட நடுத்தர அலகுக்கு 25 லட்சம் செலவு என்று வைத்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வகுத்திருந்தார்கள். ஆனால் பணத்தை முதலில் போடுவது நீங்கள். வேலை நடந்து, மீன்வளத் துறை ஆய்வு செய்து, அதன்பிறகே மானியம் வரும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜிலேபி வளர்க்கத் துறையின் அனுமதி வேண்டும், அதையும் அங்கேயே விசாரித்துவிடலாம். மானியம் முதலீட்டைக் குறைக்கும். 134 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

என் பதில்: 25 லட்சம் போடாதீர்கள். ஆசை விடவில்லை என்றால், அதே திட்டத்தில் 50,000 ரூபாய் மதிப்பில் கொல்லைப்புறச் சிறு அலகு ஒன்று இருந்தது. அந்த அளவில் ஒரு தொட்டி வைத்து, அம்மோனியா டெஸ்ட் கிட்டோடு ஒரு வருடம் ஓட்டுங்கள். கழிவு நீர் தென்னைக்குப் போகட்டும். அதற்கு முன் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி விசாரியுங்கள். ஒரு வருடம் கழித்தும் இரவு எழுந்து ப்ளோயர் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், அப்போது பேசலாம். அதற்கு ஒதுக்கும் பணம் மொத்தம் 7 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டையும் தோப்பையும் அடமானம் வைக்கவே வேண்டாம்.

மிச்சம் 34 லட்சத்தில் 8 லட்சம் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வருட வைப்பில். 6 லட்சம் மருத்துவக் காப்பீட்டுக்கும் அவசரத்துக்கும். 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 வயது ஆக வேண்டுமே என்பீர்கள். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். 8.2 சதவீதம் வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது, ஏறக்குறைய எட்டு வாரம் பாக்கி. மில் அலுவலகத்தில் ஓய்வுப் பலன் விவரமும் பணம் வந்த தேதியும் போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டு இந்த வாரமே தபால் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.