வாசகர் கேள்வி - பதில்: ஆவுளியாவும் ஆமைக் குஞ்சுகளும்

கேள்வி: ஆவுளியாவைப் பிடிப்பது குற்றம் என்பது எங்கள் கரையில் சிறுவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, அது எப்போது மேலே வருகிறது, எப்படி மேய்கிறது என்று ஆராய்வதால் அந்த உயிருக்கு என்ன நன்மை?
- வாசகர், தொண்டி

பதில்: ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசுவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆயினும், அதைப் பிடிக்கும் எண்ணமே இல்லாதவர் விரித்த வலையிலும் அது இறந்துபோகிறது. மீனைப் போலச் செவுளால் அல்லாமல் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மூக்கை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். மாலையில் கடலடியில் இறக்கிவிட்டு விடிந்த பின் எடுக்கும் திருக்கை வலையில் அது சிக்கினால், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமலே மூச்சு முட்டி இறந்துவிடும். ஆகவே, வலையை எங்கே இறக்குகிறோம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

எங்கே என்பதற்கு அதன் மேய்ச்சலே விடை சொல்லும். கடலடியில் புல்லைப் போல வளரும் கடல்தாழையை வேரோடு பிடுங்கித் தின்னும் ஆவுளியா, போகும் வழியெல்லாம் ஏர் உழுத சால் போன்ற தடத்தை விட்டுச் செல்கிறது. விலங்கைக் காணாவிட்டாலும், புதிய தடத்தைக் கொண்டு அது மேயும் தாழைப் படுகை எது என்று அறியலாம். அந்தப் படுகையில் மட்டும் வலையையும் இழுவை மடியையும் தவிர்த்தால், கடல் முழுவதையும் மீனவருக்கு மூட வேண்டியதில்லை. இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், தாழையைத் தேடி அலையும் விலங்கு அந்த எல்லைக்குள்ளேயே நிற்காது என்பதால், உங்கள் கரையின் கவனமும் அதற்குத் தேவை. ஒரு பெண் ஆவுளியா மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். அதற்கும் ஒன்றரை ஆண்டு வரை பால் கொடுக்கும். தாய் ஒன்று போனால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும். வலையில் உயிரோடு இருப்பதைக் கண்டால், வாலில் கயிறு கட்டி இழுக்காமல், மூக்கு நீருக்கு மேலே நிற்கும்படி தாங்கிக்கொண்டு வலையை அறுத்துவிடுங்கள்.

கேள்வி: கடலுக்குப் போக வேண்டிய ஆமைக் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஊர்ந்து வருவது ஏன்?
- வாசகி, இராமேசுவரம்

பதில்: பங்குனி ஆமையின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலைவிட்டு வெளிவந்து, தாழ்வான அடிவானில் எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ அந்தப் பக்கம் நகரும். விளக்கில்லாத கரையில் அது கடலின் பக்கமாகவே இருக்கும்; தெருவிளக்கு எரியும் கரையில் அவை ஏமாந்து நிலத்தின் பக்கம் திரும்பிவிடுகின்றன. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கரையை நோக்கிய விளக்குகளை இரவில் அணைத்துவிடலாம். அணைக்க இயலாதவற்றுக்கு மணலில் ஒளி விழாதபடி மறைப்பு வைக்கலாம்.