கிரெடிட் கார்டு பாயின்ட்டுகளைப் பயணத்துக்கு எப்படிச் செலவழித்தால் அதிக லாபம்?

முதலில் ஒரு பாயின்ட்டின் மதிப்பைக் கணக்கிடுங்கள். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, பாயின்ட்டில் எடுத்தாலும் கையிலிருந்து கட்டவேண்டிய வரியைக் கழித்து, மீதியைப் பாயின்ட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, டிக்கெட் 18,000 ரூபாய், வரி 3,000, தேவைப்படுவது 15,000 பாயின்ட் என்றால் ஒரு பாயின்ட்டுக்கு 1 ரூபாய். அதே பாயின்ட்டை மிக்சி, குக்கர், கேஷ்பேக் என்று மாற்றினால் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேறாது.

நல்ல மதிப்பு பொதுவாக விமான நிறுவனத்தின் மைல்களாக (அந்த நிறுவனத்தின் சொந்தப் பாயின்ட்டுகளாக) மாற்றும்போதுதான், அதிலும் பிசினஸ் கிளாஸில்தான் கிடைக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களைக் கொண்டு ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் அதோடு சேர்ந்துள்ள ஏர் இந்தியாவிலும் டிக்கெட் எடுக்கலாம்; இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றிய மைல்கள் பொதுவாக வங்கிக்குத் திரும்பாது, கிரிஸ்ஃபிளையரில் 36 மாதங்களில் காலாவதியும் ஆகிவிடும். பாயின்ட்டைச் சும்மா சேர்த்து வைப்பதும் நல்லதல்ல, வங்கிகள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: மாதாமாதம் முழு பில்லையும் கட்ட முடியாதவர்கள் பாயின்ட் பக்கமே போகாதீர்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டிக்கு எந்த இலவச டிக்கெட்டும் ஈடாகாது.