ராமநாதபுரத்தில் வீடு தேடுகிறோம். குடியிருக்க நல்ல தெருவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ராமநாதபுரமோ கீழக்கரையோ மண்டபமோ, கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறதா என்று பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. முடிந்தால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சிறு கருவி) கொண்டுபோங்கள். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கலாம்; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை.

காவிரி கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை குடம் நிரம்புகிறது? இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் அக்காக்களிடம் கேளுங்கள். தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் விற்றுக்கொண்டு போனால், அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழை. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மே மாதம் பார்க்கும் வீடு எல்லாமே நல்ல வீடுதான்! நவம்பரில் ஒருமுறை போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஊர்க்குளமான ஊருணிக்கு மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வரத்துக்காலை அடைத்துப் போட்ட மனை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பள்ளிக்கூடம், பஸ் வசதியெல்லாம் ஒரு நாள் நடந்தாலே தெரிந்துவிடும். இரவு எட்டரை மணிக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். பெண்கள் தனியாகக் கடைக்குப் போய் வருகிறார்கள் என்றால் தயங்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாம்.