ஷியா நர்சரி போடுறதுக்கு முன்னாடி வயலைக் குனிஞ்சு பாருங்க

கேள்வி: வட கானாவுல டமாலே பக்கம், ஷியாங்கிற மரத்தோட கொட்டைய வெண்ணெய் எடுக்கப் பொறுக்குற பெண்கள் குழுவோட வேலை பார்க்குறேன். வயல்ல நிக்கிறது எல்லாமே கிழட்டு மரம், இளசா ஒண்ணுகூட கண்ணுல படல. குழுவோட ஸ்டோர்ல இருக்கிற கொட்டைய வச்சு நர்சரி போட்டு கன்னு நடலாமா?

பதில்: ஸ்டோர் கொட்டைய விட்டுடுங்க, அது முளைக்காது. வெண்ணெய்க்கு எடுக்குற கொட்டைய பொதுவா அவிச்சு காய வச்சுத்தான் சேர்த்து வைப்பாங்க, அவிச்சதுல உயிர் எங்க இருக்கும்? அவிக்காத கொட்டையா இருந்தாலும் காய்ஞ்சா முளைப்புத்திறன் போயிடும், பழம் விழுந்த சூட்டோட ஒரு வாரத்துக்குள்ள மண்ணுக்குள்ள போகணும். நம்ம இலுப்பைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான் இந்த மரம், ரெண்டும் ஒரே குடும்பம்.

ஆனா நர்சரியே இப்போதைக்கு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். கன்னு இல்லைன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சந்தேகம். மே மாசம் உழவுக்கு முன்னாடி ஒரு பெரிய மரத்தைச் சுத்தி குனிஞ்சு தேடிப் பாருங்க, விரல் நீளத்துல செம்பு நிறக் கொழுந்தோட ஏதாவது நின்னா காம்பைக் கிள்ளுங்க, வெள்ளையா பால் வந்தா ஷியாவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, பக்கத்துல இருக்கிற அக்காமார்கிட்ட காட்டினா ஒரே பார்வைல உறுதி பண்ணிடுவாங்க. இது முளைக்கிற விதமே தனி. கொட்டைலேர்ந்து வேர் மாதிரி ஒண்ணு நேரா கீழ இறங்கும், குருத்து அதுக்குள்ளயே உக்காந்து மண்ணுக்கு அடில சில அங்குலம் போயிட்டு அப்புறம் அங்கேர்ந்து மேல வரும். மேல இருக்கிறது தீயில கருகினாலும் அடில மொட்டு பத்திரமா இருக்கும், மறுபடி துளிர்க்கும். முதல் சில வருஷம் ஆணிவேரைத்தான் வளர்க்கும், மேல வளர்ச்சியே தெரியாது, அதனாலதான் யாரு கண்ணுலயும் படுறதில்ல.

அப்ப ஏன் மரமாகலைன்னா, முன்னாடி நிலத்தைப் பல வருஷம் தரிசா போட்டு வைப்பாங்க, அந்த இடைவெளில கன்னு ஆளாயிடும், மறுபடி காட்டைத் திருத்தும்போது நல்ல ஷியாவ மட்டும் விட்டுட்டு மத்ததை வெட்டுவாங்க, நீங்க பார்க்கிற அந்த மரமெல்லாம் அப்படி நின்னதுதான், யாரும் நட்டதில்ல. இப்ப தரிசே கிடையாது, வருஷா வருஷம் டிராக்டர், அதுக்கு மேல களைக்கொல்லி. அதனால நீங்க பேச வேண்டிய ஆளு கொட்டை பொறுக்குற பெண்கள் மட்டும் இல்லைங்க, நிலத்துக்காரரும் டிராக்டர் டிரைவரும்தான். நிலம் அந்தப் பெண்கள் பேர்ல இருக்காது, மரம் நடுறதே நிலத்துல உரிமை கொண்டாடுற மாதிரி பார்க்கிற ஊருங்க நிறைய, நீங்க பாட்டுக்கு கன்னு நட்டா வம்பு வரும். தானா முளைச்சதைக் காப்பாத்துறதுல அந்தச் சண்டை ரொம்ப குறைச்சல், ஆனாலும் ஊர்த்தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

வேலை சிம்பிள். உழவுக்கு முன்னாடி ஒவ்வொரு கன்னுக்கும் பக்கத்துல டிரைவர் கண்ணுல படுற உயரத்துல ஒரு குச்சி நட்டு கலர் துணி கட்டுங்க, சுத்தி ஒரு மீட்டர் உழாம விடச் சொல்லுங்க. வெட்டின அடிக்கட்டைலேர்ந்தும் துளிர் வரும், அதுல நல்ல தண்டு ஒண்ணோ ரெண்டோ விட்டுட்டு மிச்சத்தைக் கழிச்சு, கீழ்ப்பாதி கிளையையும் கவாத்து பண்ணுங்க. டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியக்காரர் 1980கள்ல நைஜர் நாட்டுல பரப்பினது இதே முறைதான், அங்க வேற மரங்க. நவம்பர்ல புல்லு காயுறப்பவே கன்னைச் சுத்தி செதுக்கி விட்டுடுங்க, பிந்தி வர்ற காட்டுத்தீதான் கன்னோட மேல்பாகத்தைக் கருக்கி வளர விடாது, டிசம்பர்லேர்ந்து வர்ற பூவையும் கருக்கிடும். ஆடு மேயாம இருக்க கன்னைச் சுத்தி முள்ளு போட்டா போதும்.

பெண்கள் குழுகிட்ட கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நல்லா காய்க்கிற மரத்தடில கொஞ்சம் கொட்டைய பொறுக்காம விடச் சொல்லுங்க. வயித்துப்பாட்டு விஷயம், சட்டுனு ஒத்துக்க மாட்டாங்க, அதனால மரத்துக்குக் கைப்பிடி அளவுன்னு கேளுங்க. மரத்துல இருக்கிற பழத்தை வவ்வால் தூக்கிட்டுப் போயி கொட்டைய வேற இடத்துல போட்டாலும் நமக்கு லாபம்தான்.

கிழட்டு மரத்தையும் கை விட்டுடாதீங்க, 200 வருஷம்கூட நிக்கும். கிளைல புல்லுருவி ஏறியிருந்தா அதுக்குக் கீழ சேர்த்து வெட்டி எடுங்க, அது பழுக்குறதுக்கு முன்னாடி.

தானா வளர்ற கன்னு காய்க்க 15, 20 வருஷம் ஆகும், இதை முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க. அவசரம்னா ஒட்டு கட்டலாம், சில வருஷத்துலயே காய்க்கும், வட கானாவுலயே போலேங்கிற ஊர்ல இருக்கிற கானா கொக்கோ ஆராய்ச்சி நிறுவனத்தோட கிளைல ஷியாவுக்குன்னே வேலை நடக்குது, நேர்ல போயி கேளுங்க.