அடுக்களைக் கேள்வி பதில்: குளிர்பெட்டிக்குள்ளா, மேசை மேலா?

மீந்த உணவை வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல். வெளிநாட்டுச் சமையல் நூல்களில் 'அறை வெப்பநிலையில் வைக்கலாம்' என்று படிக்கும்போது, அதை எழுதியவர் நினைப்பது 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும் ஓர் அறையை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நண்பகலில் அடுக்களைக்குள் 32 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. நள்ளிரவிலும் 25க்குக் கீழே இறங்குவது அரிது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன என்றால், நம் வீட்டு மேசை அந்த இடைவெளியின் நடுவிலேயே ஆண்டு முழுவதும் கிடக்கிறது. நம்மில் பலர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே சமைக்கிறோம் என்பதுதான் என் கவலை.

என் பாட்டி தோட்டத்தில் இருந்தவரை இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போகும் முன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்; ஒருநாளும் அவருக்கு வயிறு கெட்டதில்லை. நானோ இரவு குக்கரில் மீந்த சோற்றைக் காலையில் நாசி கோரெங் செய்து சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வாந்தியெடுத்துக் கிளினிக் வரை போனேன். வாணலியின் சூடு போதாதா?
— வாசகி, செந்தூல்

போதாது, அம்மா. நீங்கள் எழுதியிருப்பதற்கு நன்றாகப் பொருந்துவது பாசிலஸ் சீரியஸ் என்னும் கிருமி. அது மண்ணில் வாழ்வது. வயலிலிருந்து நெல்லோடு வந்து அரிசியிலும் ஒட்டியிருக்கும். தன்னைச் சுற்றி விதை உறைபோல் ஒன்றைப் போர்த்திக்கொள்வதால் சோறு வேகும் கொதியிலும் அது சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது உறையை விட்டு வெளிவந்து பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சோற்றிலேயே சுரந்து வைக்கிறது. மறுநாள் நீங்கள் வாணலியில் புரட்டியபோது கிருமி செத்திருக்கும், நஞ்சு சாகவில்லை. அந்த நஞ்சு கொதிநீரின் சூட்டையும் தாண்டித் தாங்கக்கூடியது. சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அதன் இயல்பு.

பாட்டியின் சோறு வேறு கதை. மாலையில் வடித்த சோற்றை அவர் அன்றிரவே தண்ணீருக்குள் மூழ்க வைத்துவிட்டார். மண்சட்டியாக இருந்திருந்தால் அதன் புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளிருப்பதையும் குளிர்வித்திருக்கும். நீருக்குள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு வளர, புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகள் வளர முடியாமல் ஒடுங்கிப் போகும். பழைய சோறு வெறும் மீந்த சோறன்று. தயிரைப்போல் அதுவும் புளிக்க வைத்த ஓர் உணவு. ஆனால் மதியம் வடித்து மாலை வரை மேசையில் கிடந்த சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றினால் அது பாட்டியின் பழைய சோறு ஆகாது. முன்பே உண்டான நஞ்சைத் தண்ணீர் எடுத்துவிடாது.

குக்கர் விளக்கு 'சூடாக வை' என்பதில் எரியும்வரை சோறு 60 டிகிரிக்கு மேலேயே இருப்பதால் பயமில்லை. சிக்கனம் கருதிச் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் விடியும்வரை விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட வழக்கம். உள்ளே சோறு மணிக்கணக்கில் கிருமிக்கு இதமான சூட்டில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மீந்ததைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் நாசி கோரெங்குக்குப் பருக்கை பருக்கையாக உதிர்ந்தும் வரும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காகக் காலை ஏழு மணிக்கே எட்டுக் கிலோ ஆட்டிறைச்சிக் குழம்பை இறக்கி மூடி வைத்தேன். மூன்று மணிக்கு வந்தவர்களுக்கும் அதையே பரிமாறினோம். வாடையில்லை, ருசி மாறவில்லை. அன்றிரவு நாலைந்து பேருக்கு வயிற்றைப் பிசைந்து பேதியானது. சூடாக ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் பெட்டி கெட்டுவிடும் என்று மாமியார் சொன்னதால்தான் வெளியே விட்டேன்.
— வாசகி, பட்டர்வொர்த்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கல்யாணம், கருமாதி, கோயில் அன்னதானம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றிலும் இதே பானைதான் இருக்கிறது.

பெரிய பானை இறைச்சிக் குழம்பை விரும்பும் கிருமிக்குக் குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்று பெயர். இதுவும் கொதியைத் தாங்கும் உறை உடையது. இதற்குக் காற்று ஆகாது. குழம்பு கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதால், மூடிய பானையின் நடுப்பகுதி இதற்கென்றே அமைந்த வீடாகிவிடுகிறது. 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. ஒன்று ஒரு மணி நேரத்தில் அறுபத்து நான்காகும். மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும்.

பானை எத்தனை மெதுவாக ஆறும் என்பதை நம் கண் ஒத்துக்கொள்வதில்லை. ஆறு லிட்டர் சாம்பாரை மூடிவைத்து, நடுவில் இறைச்சி வெப்பமானியைச் செருகி நானே ஒருமுறை காத்திருந்து பார்த்தேன். 60 டிகிரிக்கு இறங்கவே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நான்கு மணி நேரம் கழித்து ஓரத்தில் விரலை வைத்தபோது ஆறிவிட்டதாகவே தோன்றியது. நடுவில் முள் 50ஐ ஒட்டி நின்றது. உங்கள் எட்டுக் கிலோ இதைவிடவும் மெதுவாகத்தான் ஆறியிருக்கும்.

உணவகங்களுக்கான விதியொன்று, சமைத்ததை 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்திலும், பிறகு 5க்கு நான்கு மணி நேரத்திலும் இறக்க வேண்டும் என்கிறது. நம் அடுக்களையில் 21 டிகிரிக்குத் தானாக எதுவும் இறங்காது, காற்றே அதைவிடச் சூடாயிற்றே! எனவே நாம்தான் இறக்க வேண்டும். குழம்பை அகலத் தட்டுகளில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து, விசிறிக் காற்றில் வைத்து, அல்லது ஐஸ்கட்டி போட்ட அலுமினியத் தாம்பாளத்தில் பாத்திரத்தை இறக்கிக் கிண்டிக்கொடுத்து, வெதுவெதுப்பானதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மாமியார் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது: கொதிக்கும் பானையை அப்படியே உள்ளே தள்ளினால் பெட்டி கெடாது, பக்கத்திலுள்ள பாலும் மீனும் சூடேறிக் கெடும். பானையாக வைக்காமல் பிரித்து வைத்தால் இரண்டு சங்கடமும் இல்லை. விருந்து நாளில் இதற்கெல்லாம் கை ஒழியாதென்றால், மெல்லிய தீயில் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருங்கள். அல்லது பாதி இறைச்சியைப் பச்சையாகக் குளிரில் வைத்திருந்து நண்பகலில் இரண்டாவது முறை சமையுங்கள். சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு சொல்லி வருவதும் இதற்காகத்தான். பார், முகர், சுவை என்னும் அவர்களுடைய அறிவுரை ஊசிப்போனதைக் கண்டுபிடிக்க உதவும். வாடையே இல்லாத இந்தக் கிருமியை மூக்கு காட்டிக்கொடுக்காது.

ஒரு வேறுபாட்டையும் மறக்க வேண்டாம். இந்தக் கிருமி உயிரோடு வயிற்றுக்குள் போனால்தான் கெடுதல் செய்கிறது; ஆகவே பரிமாறும் முன் தளதளவென்று கொதிக்க விட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கலாம். செந்தூல் வாசகியின் சோற்றுக்கு அந்த வழி கிடையாது.

சந்தையில் முட்டைகள் தட்டுத் தட்டாக வெளியேதான் அடுக்கியிருக்கின்றன. வீட்டில் மட்டும் ஏன் உள்ளே வைக்க வேண்டும்?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

முட்டையோட்டின்மேல் இயற்கையாகவே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அமெரிக்காவில் முட்டையைக் கழுவியே விற்பதால் அந்தப் பூச்சு போய்விடுகிறது, குளிரில் வைப்பது கட்டாயமாகிறது. கழுவாத முட்டை வெளியே சில நாள் தாங்கும். நம் வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதானால் குளிர்பெட்டியே மேல். வைத்துவிட்டால் அங்கேயே இருக்கட்டும்; வெளியே எடுத்ததும் வியர்க்கும் முட்டையில் அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போகும். கதவிலுள்ள குழிகள் முட்டைக்கென்றே செய்யப்பட்டிருந்தாலும், திறக்கும்போதெல்லாம் சூடேறுவது அந்த இடந்தான்; முட்டைத் தட்டை உள்தட்டிலேயே வையுங்கள்.

உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, ரஸ்தாளிப் பழம் எல்லாவற்றையும் கீழ்த்தட்டில் ஒன்றாகப் போட்டு வைக்கிறேன். சரியா?
— வாசகி, கெப்போங்

சரியில்லை. குளிரில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதைப் பொரித்தால் சீக்கிரம் கறுக்கும். அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். காற்றோட்டமுள்ள இருட்டான கூடையில் வைத்து, முளைவிட்டதையும் பச்சை படர்ந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். வெங்காயத்தை அதே கூடையில் போடாதீர்கள். கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் அழுகும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், காயாக வைத்தால் பழுக்கவும் மாட்டாது. ஆனால் நன்றாகப் பழுத்த ரஸ்தாளியை ஓரிரு நாள் நிறுத்தி வைக்கக் குளிர் உதவும், தோல்தான் கறுக்கும். தக்காளியும் அப்படியே: பழுக்கும்வரை வெளியே, பழுத்தபின் மூன்று நாளுக்குள் சமைக்கவில்லையென்றால் உள்ளே. குளிரில் மணம் குறையும் என்பது உண்மைதான், ரசத்துக்கு அது பெரிய குறையன்று.

காலைச் சந்தையில் வாங்கும் குவேதியாவ் (அரிசி நூடல்ஸ்) குளிரில் வைத்தால் விறைத்து முறிகிறது. அதனால் மாலைவரை மேசையிலேயே வைக்கிறேன். தவறா?
— வாசகி, ஜார்ஜ்டவுன்

விறைப்பதற்குக் காரணம், வெந்த மாவுச்சத்து உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக விரைவாக இறுகுகிறது என்பது. ரொட்டி குளிர்பெட்டியில் காய்ந்ததுபோல் ஆவதும் இதனால்தான். கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் குவேதியாவ் மீண்டும் நெகிழும்; அந்தச் சிறு வேலைக்குச் சலித்து அதை வெளியே விடாதீர்கள். 2024 மார்ச்சில் தைப்பேயிலுள்ள ஓர் உணவகத்தில் குவேதியாவ் சாப்பிட்டவர்களில் சிலர் உயிரிழந்தனர். போங்கிரெக்கிக் அமிலம் என்னும் நஞ்சே காரணமென்று கண்டறிந்தார்கள். இந்தோனேசியாவில் தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்க வைத்துச் செய்த தெம்பே போங்கிரெக்கில் முன்பு பலரைக் கொன்ற அதே நஞ்சு. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, சமைத்தாலும் போகாது. இப்படி நேர்வது மிக மிக அரிது. ஆனாலும் ஈரமான அரிசி நூடல்ஸை வெப்பத்தில் நாள் முழுவதும் விட்டுவைப்பதற்கு இதற்குப்பின் என்னால் ஒப்புதல் சொல்ல முடியவில்லை.

தோசை மாவு, ஊறுகாய், தேன், காப்பித்தூள், இஞ்சி பூண்டு விழுது: எது உள்ளே, எது வெளியே?
— வாசகி, பத்துமலை

தோசை மாவு நம் ஊரில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், பொங்கியதும் உள்ளே. எண்ணெய் மேலே நிற்கும் உப்பு ஊறுகாய் வெளியே இருக்கலாம், ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. தேன் வெளியே, உள்ளே வைத்தால் உறைந்து கட்டியாகும். காப்பித்தூளை வெளியே இறுக்கமாக மூடி வையுங்கள், குளிரிலிருந்து எடுக்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் ஈரம் படியும். இஞ்சி பூண்டு விழுதும், முக்கியமாக எண்ணெயில் ஊறிய பூண்டும் கட்டாயம் உள்ளே. காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில், புளிப்பில்லாத பூண்டில், நரம்பைத் தாக்கும் போட்டுலிசக் கிருமி வெப்பத்தில் வளரக்கூடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. மூன்று நாள் குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடுகாட்டிச் சாப்பிடுகிறார். கொட்டச் சொன்னால் கண் கலங்குகிறார்.
— வாசகர், பிறை

அரிசி அளந்து கிடைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சோற்றைக் கொட்டுவது பாவம். அதை அவரோடு வாதாட வேண்டாம். முதியவர்களுக்கு இந்த நோய்கள் கடுமையாக வரும் என்பதால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. அவர் கலங்குவது கொட்டும்போதுதான். ஆகவே கொட்டும் நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமைத்த அன்றே, மேசைக்குப் போகும் முன்பே, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் குழம்பைப் பிரித்து, மூடியில் தேதியை ஒட்டி உறைபெட்டியில் அடுக்கிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி எதுவும் பெருகாது. இரண்டு மூன்று மாதம் ருசியும் நிற்கும். ஒரு டப்பாவை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக வைத்து, ஒரே ஒரு முறை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். தேதியைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, எந்த டப்பாவை எடுப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.