ஆசிட் இல்லாமல் அங்கணம் பளிச்சிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கழிவறைக்கு ஆசிட்டும் தரைக்குப் பினாயிலும் ஊற்றுகிற நாள்களில் என் மாமியாருக்கு இளைப்பு வந்துவிடுகிறது. ஆப்பச்சோடாவையும் வினிகரையும் கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் வீடு முழுவதற்கும் அதுவே போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கழிவறையில் மட்டும் வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, இரண்டாவது யோசனையை இன்றே கைவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஆசிட்டுக்குப் பதிலாக வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தாலும் வெளிவருவது அதே வாயுதான். காற்றோட்டமில்லாத சிறிய கழிவறையில் நின்று கழுவும்போது, திடமான உடம்புக்காரரையே அது மூச்சுத் திணற வைத்துவிடும் என்றால், இளைப்புக்காரருக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்களோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது.

ஆப்பச்சோடாவும் வினிகரும் கலந்த பாட்டிலால் ஆபத்து குறைவு, பயனும் குறைவுதான். ஒன்று காரத்தன்மை உடையது, மற்றது புளிப்பு. இரண்டும் சேர்ந்ததும் கரியமில வாயு நுரையாகப் பொங்கி வெளியேறுகிறது. ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீரே. நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு கழன்றுவிட்டது என்று நம்பிவிடுகிறோம். கலந்த கையோடு மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

இரண்டையும் தனித்தனியே, தனித்தனி வேலைக்கு வைத்துக்கொண்டால் இரண்டுமே நல்ல பொருள்கள்தாம். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரமும், களிம்புக்கும் உப்புக்கறைக்கும் புளிப்பும் வேண்டும். நம் ஆச்சிமார் எண்ணெய் ஏனத்துக்குச் சாம்பலையும் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியையும் எடுத்தது இந்தக் கணக்கில்தான். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அடுக்களையில் அடுப்பைச் சுற்றிப் படியும் பிசுக்குக்கும் பாத்திரம் கழுவும் அங்கணத்து வடிகாலுக்கும் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துப் பயன்படுத்துங்கள். ஆப்பச்சோடாவைவிட இது வலுவானது என்பதால் கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் அது கறுத்துவிடும்.

கழிவறைப் பீங்கானுக்குச் சிட்ரிக் அமிலத் தூள் இரண்டு மேசைக்கரண்டி போதும். படுக்கப் போகும்முன் கறையின்மேல் தூவிவிட்டுக் காலையில் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றியதும் வெளுப்பதுபோல இது வெளுக்காது. பழைய கறையென்றால் தொடர்ந்து சில இரவுகள் செய்ய வேண்டியிருக்கும். இதுவும் புளிப்புதான் என்பதால், இதைப் போட்ட கழிவறையில் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவர வேண்டாம்.

தரைக்கு என் பரிந்துரை பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, விதையை நீக்கிவிட்டு, பத்துப் பதினைந்து கொட்டைகளின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் அதே தண்ணீரோடு இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டினால் மிதமாக நுரைக்கும் நீர் கிடைக்கும். தரை துடைக்கும் வாளித் தண்ணீரில் ஒரு குவளை ஊற்றினால் போதுமானது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் வடிகட்டும்போது கவனமாக இருங்கள். வினிகரின் நெடியும் எலுமிச்சைத் தைலத்தின் மணமும்கூடச் சிலருக்கு இளைப்பைத் தூண்டும். இயற்கைப் பொருள் என்பதால் மூச்சுக்குழாய் அதற்குச் சலுகை காட்டாது. ஆகவே உங்கள் மாமியார் இருக்கும் அறையை வாசனை ஏதும் சேர்க்காமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். குழாய், வாளி, குளியலறைச் சுவர் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து சுரண்டினாலும் போவதில்லை. ஆசிட் இல்லாமல் இதற்கு வழி உண்டா? அடுக்களை மேடை கடப்பைக்கல்லால் ஆனது.
– வாசகர், ராதாபுரம்

பதில்: தாமிரபரணித் தண்ணீரில் புழங்குகிறவர்களுக்கு உங்கள் தொல்லை அவ்வளவாகப் புரியாது. கடின நீர் காயும்போது விட்டுச்செல்லும் அந்த வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; சுரண்டினால் பரப்பில் கீறல் விழும், புளிப்புப் பட்டால் கரையும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துத் தேயுங்கள். வாளிக்குச் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியும், குழம்புக்குக் கரைத்தபின் எஞ்சும் புளிச் சக்கையும் போதும்.

மேடையில் மட்டும் இந்தக் கைவைத்தியம் வேண்டாம். கடப்பைக்கல்லே ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் என்பதால், படிவத்தைக் கரைக்கும் புளிப்பு கல்லையும் அரித்து அதன் மினுமினுப்பைப் போக்கிவிடும். பளிங்குச் சில்லுகள் பதித்த பழைய மொசைக் தரைக்கும் இதே கதிதான். உங்கள் தரை எந்த இனம் என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்; நுரைத்தாலோ மங்கினாலோ அங்கே புளிப்பு ஆகாது.

அத்தகைய பரப்புகளுக்கு மேலே சொன்ன பூந்திக்கொட்டை நீரே உகந்தது. கடின நீரில் சோப்பு திரிதிரியாகத் திரண்டு இன்னொரு அழுக்காகப் படியும். பூந்திக்கொட்டையில் நுரையைத் தரும் சப்போனின் என்னும் பொருள் அப்படித் திரள்வதில்லை. ஆனால் அந்த நீர் சில நாள்களில் புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது மட்டும் கூடவே கூடாது. தாகத்தோடு வரும் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும். மீன்தொட்டிப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள், சப்போனின் மீன்களுக்கு நஞ்சு.

கேள்வி: திருமணத்துக்கு வந்த பத்தமடைப் பாயில் பூஞ்சை பிடித்துவிட்டது. வினிகர் தெளிக்கலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வேண்டாம், சாயம் இளகக்கூடும். பாயை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று காய்ந்த மென்துணியால் பூஞ்சையைத் துடைத்து, காலை வெயிலில் சற்று நேரம் காட்டி, பிறகு நிழலில் நன்றாக உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

கேள்வி: எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் நொதித் திரவம் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, புளியங்குடி

பதில்: எலுமிச்சைச் சந்தை உள்ள ஊரில் இருந்துகொண்டு தோலை வீணாக்க மனம் வராதுதான், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்ற அளவில் பிளாஸ்டிக் கலனில் போட்டு, முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, மூன்று மாதம் கழித்து வடிகட்டிக்கொள்ளலாம். உடன்குடிக் கருப்பட்டியை இதில் போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது காப்பிக்கு உரியது. கிடைக்கப்போவது முக்கியமாக மென்மையான ஒரு புளிப்பு நீர். உப்புக்கறைக்கும் கழுவுதொட்டியின் வாடைக்கும் அது உதவும். ஆனால் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்பது மிகை.

அழுக்கை நீக்குவதும் கிருமியைக் கொல்வதும் வேறு வேறு வேலைகள். சாதாரண நாள்களில் முதலாவது போதும். வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டாலோ, 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதுபோல வெள்ளநீர் வீட்டுக்குள் புகுந்து வடிந்தாலோ, பழத்தோல் நீரை நம்பி இருக்கக் கூடாது. அப்போது சேற்றையும் அழுக்கையும் முதலில் கழுவி அகற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும்; நொதித் திரவம் இருக்கும் கலன் அந்தப் பக்கமே வர வேண்டாம்.