ரத்தக்கசிவு என்றார்கள், இப்போது கட்டி என்கிறார்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, பிரஷர் உண்டு. ஆவணியில் ஒருநாள் காலையில் திடீரென்று வாய் குழறி, வலது கை விளங்காமல் போனது. சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, பிரஷரால் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். தேறி வீட்டுக்கு வந்தார். இப்போது மறுபடியும் பேச்சு தடுமாறுகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டுக் கட்டி என்கிறார்கள். உறைந்த ரத்தம்தான் கட்டியாகிவிட்டதா? முதலிலேயே கோட்டை விட்டுவிட்டார்களா டாக்டர்?
- வாசகி, தென்காசி

பதில்: ரத்தம் கட்டியாக மாறாதம்மா. ‘அன்றைக்கே ரத்தத்தை எடுத்திருந்தால் கட்டி வந்திருக்காதே’ என்று புழுங்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். கட்டி முன்பே இருந்திருக்கும், அதிலிருந்துதான் ரத்தம் கசிந்திருக்கும். வேகமாக வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவற்றின் சுவர் பலமில்லாதது, சுலபமாக உடைந்துவிடும். மூளையிலேயே உருவாகும் கிளியோபிளாஸ்டோமாவும் கசியும். நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு புற்றுநோய்கள் மூளைக்குப் பரவினாலும் கசியும்.

கோட்டை விட்டார்களா என்று கேட்கிறீர்கள். முதல் நாள் படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சி.டி.யில் புது ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை, கட்டியை மறைத்துவிடும். பிரஷர் உள்ளவருக்குத் திடீரென்று கை விழுந்தால், பிரஷர் கசிவு என்றுதான் எந்த டாக்டரும் முதலில் நினைப்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் சந்தேகப்பட இடமுண்டு. பிரஷர் கசிவு வழக்கமாக மூளையின் ஆழத்திலோ, சிறுமூளையிலோ, மூளைத்தண்டிலோ வரும். மேற்பரப்பை ஒட்டி வந்திருந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். இன்னொன்று வீக்கம். நான் படத்தில் முதலில் தேடுவது அதைத்தான். கசிவைச் சுற்றி வரும் வீக்கம் நாள் போகப்போகத்தான் கூடும். காலையில் கை விழுந்து மதியம் எடுத்த படத்திலேயே, வெள்ளையைச் சுற்றிக் கறுப்பாக அகலமான வீக்கம் இருந்தால், அது அன்றைக்கு வந்த வீக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு.

சந்தேகம் இருந்தும் முதல் எம்.ஆர்.ஐ.யில் தெளிவு கிடைக்காவிட்டால், ரத்தம் கரைந்தபின், ஏறக்குறைய 6 முதல் 12 வாரத்தில், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மறுபடி எடுப்போம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒரு வரியாகக் கிடக்கும். ஆள் நடமாடத் தொடங்கியதும், ‘நல்லாத்தானே இருக்கார், எதுக்கு வீண் செலவு’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் கொதிப்பது இதில்தான். டாக்டர்களும் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும்.

உங்கள் அப்பாவுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முத்துப்பிள்ளை கர்ப்பமோ (கரு சரியாக உருவாகாமல், திராட்சைக் கொத்து போல நீர்க்கொப்புளங்கள் வளர்வது) கருச்சிதைவோ பிரசவமோ ஆன இளம்பெண்ணுக்கு மூளையில் கசிவு வந்தால், பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். கர்ப்பத்தின் நஞ்சுத் திசுவிலிருந்து வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் மூளைக்குப் பரவி, வெறும் கசிவு போலத் தெரியலாம். 1956-லேயே அமெரிக்காவில் மெத்தோட்ரெக்சேட் மருந்தால் கட்டுப்படுத்திக் காட்டிய நோய் இது. மூளைக்குப் பரவிய பிறகும் குணமாகிறவர்கள் நிறையப் பேர். கண்டுபிடிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

சரி, இப்போது அப்பாவுக்கு என்ன செய்வது? ரிப்போர்ட் மட்டும் போதாது. முதல் நாள் எடுத்த சி.டி. ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்கி, எம்.ஆர்.ஐ.யோடு நரம்பியல் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். வேறு இடத்திலிருந்து பரவியதா என்று பார்க்க மார்புக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன் சொல்வார்கள். ஸ்டீராய்டு கொடுத்ததும் வீக்கம் வற்றிப் பேச்சு தெளியலாம். நோய் போய்விட்டது என்று அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. என்ன கட்டி என்று, அதிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் உறுதியாகச் சொல்லும். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று உறவினர்கள் யாராவது தடுத்தால், அந்தப் பேச்சைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். நடுவில் வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் அயர்ந்து கிடந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.